கரைக்குள் தாழும் நிலம்

வெள்ளம் வந்தால் கரை உடையும். ஆற்றோரம் வாழ்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி இது. மழையும் இல்லை, புயலும் இல்லை, ஆற்றில் வெள்ளமும் இல்லை. நல்ல வெயில் காலத்தில் சும்மா இருந்த கரை உடைந்தால்?

2004 ஜூன் 3 அன்று கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் நகருக்கு மேற்கே உள்ள டெல்டாவில் அப்படித்தான் நடந்தது. மேல் ஜோன்ஸ் டிராக்ட் என்ற தீவைச் சுற்றியிருந்த மண்கரை, மிடில் ஆற்றை ஒட்டிய பக்கத்தில் வாய் பிளந்தது. பயிர் நின்ற சுமார் 12,000 ஏக்கர் நிலம் தண்ணீருக்குள் போனது. உடைப்பை அடைத்து, உள்ளே தேங்கியதை இறைத்து முடிக்க டிசம்பர் ஆகிவிட்டது. கரை எதனால் உடைந்தது என்று கண்டுபிடிப்பதற்கான தடயத்தையும் அந்தத் தண்ணீரே அரித்துக்கொண்டு போய்விட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெள்ளமே இல்லாத ஆற்றிலிருந்து ஒரு தீவு முழுவதையும் மூழ்கடிக்கத் தண்ணீர் எப்படி வந்தது? தீவின் நிலம் ஆற்றின் அன்றாட நீர்மட்டத்தைவிடப் பல அடி கீழே கிடந்தது என்பதே பதில். ஆறு பொங்கி மேலே ஏறவில்லை. நிலம்தான் கீழே இறங்கியிருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு அந்த நிலம் ஏறக்குறைய கடல்மட்டத்தில் இருந்தது. அதைக் கீழே இறக்கியதில், அதைக் காக்கவென்று போட்ட கரைக்கே பெரும்பங்கு உண்டு.

ஆறு தானே போட்ட கரை

டெல்டாவில் மனிதன் கரை போடுவதற்கு முன்பே ஆறு தனக்குக் கரை போட்டுக்கொள்கிறது. வெள்ளக் காலத்தில் ஆறு வழிந்து வெளியே பாயும்போது, கரையோரத்தைத் தாண்டிய உடனே நீரின் வேகம் சட்டென்று குறைகிறது. வேகம் குறைந்த நீரால் கனமான மணலைச் சுமக்க முடியாது. அது அங்கேயே படிந்துவிடும். மெல்லிய வண்டலும் களியும் மட்டும் இன்னும் தொலைவு சென்று தாழ்வான இடங்களில் மெதுவாகப் படியும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு படிந்து, ஆற்றின் இருபுறமும் மணல் கலந்த மேடு எழும்புகிறது. அதற்குப் பின்னால் சதுப்பு விரிந்து கிடக்கும்.

அதனால்தான் உலகின் டெல்டாக்கள் பலவற்றிலும் பழைய ஊர்கள் ஆற்றை ஒட்டியே அமைந்திருக்கின்றன. வெள்ளத்துக்குப் பயந்தால் ஆற்றைவிட்டு விலகித்தானே போக வேண்டும் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். டெல்டாக்காரருக்குத் தெரியும், ஆற்றோரம்தான் மேடு. விலகப் போனால் பள்ளம்.

ஆற்றின் இந்த வேலை ஒருபோதும் முடிவதில்லை. டெல்டாவின் மண் புதிய மண்; தன் எடையாலேயே அமுங்கிக்கொண்டிருக்கும். கடலும் நிலையாக நிற்பதில்லை. அமுங்கிய அளவுக்கு வெள்ளம் புதிய வண்டலைக் கொண்டுவந்து போட்டால் மட்டுமே நிலம் நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டி நிற்கும். டெல்டாவில் வெள்ளம் என்பது ஆபத்து மட்டுமில்லை, நிலத்தின் பராமரிப்புச் செலவும் அதுதான். கரையை நிரந்தரமாக மூடிவிட்டால் ஆபத்து நிற்கும். அதோடு பராமரிப்பும் நின்றுபோகும்.

கோரை கட்டிய நிலம்

கலிபோர்னியாவின் வடக்கிலிருந்து வரும் சாக்ரமெண்டோ ஆறும் தெற்கிலிருந்து வரும் சான் வாக்கின் ஆறும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே கலக்கின்றன. வழக்கமான டெல்டா கடலை நோக்கி விரியும். இது நாட்டின் உள்பக்கம் விரிந்து, கடலுக்குப் போகும் வழியில் மலைகளுக்கு நடுவே ஒரு குறுகிய நீரிணையாக ஒடுங்குகிறது. ஆறுகள் மட்டும் இந்த நிலத்தைக் கட்டவில்லை. பாதி வேலையைச் செய்தது டூலி என்ற உயரமான கோரை.

பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் நீர் மெல்ல மெல்ல ஏறியது. ஆளுயரத்துக்கும் மேல் வளரும் டூலி, நீருக்குள் வேர்விட்டு நின்று, செத்து விழுந்து, அதன்மேல் அடுத்த தலைமுறை முளைத்து, நீரோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே வந்தது. தண்ணீருக்கு அடியில் பிராணவாயு இல்லாததால் செத்த தண்டும் வேரும் முழுதாக மக்கவில்லை. பாதி மக்கிய நிலையில் அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்தக் கறுப்பு மண்ணைத்தான் பீட் என்கிறார்கள். டெல்டாவின் மேற்குப் பகுதியில் சில இடங்களில் அது 15 மீட்டர் ஆழம் வரை கிடந்தது.

1848-இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் கலிபோர்னியாவில் கூட்டம் குவிந்தது. வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். 1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்குக் கொடுத்தது. கலிபோர்னியா அவற்றை ஏக்கர் ஒரு டாலர் என்ற விலையில் விற்றது. வாங்கியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கரை போட்டு, நீரை வெளியே தள்ளி, நிலத்தைக் காயவைப்பது.

குதிரைக்கும் பலகைச் செருப்பு

தொடக்கக் கரைகளில் பெரும்பகுதி மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் போடப்பட்டவை. போட்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். தென்சீனத்தின் முத்து ஆற்று டெல்டாப் பகுதியிலிருந்து வந்த அவர்களுக்குச் சேற்று நிலத்தில் கரை போடும் வேலை புதிதல்ல. 1869-இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்ததும் வேலையிழந்த பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில், கொசுவுக்கும் மலேரியாவுக்கும் நடுவே நின்று, வெட்டிப்போட்ட மண்ணின் கன அளவுக்குக் கூலி வாங்கினார்கள். பீட் மண்ணில் குதிரையின் கால் புதைந்துவிடும் என்பதால், அகலமான செருப்புகள் செய்து அதன் குளம்புகளில் மாட்டினார்கள்.

அந்த முதல் கரைகள் நாலைந்து அடி உயரம்தான். பீட் கட்டிகளையே வெட்டி அடுக்கியதால் அவை காய்ந்ததும் வெடித்தன. நல்ல வெள்ளம் வந்தால் மிதந்தும் போயின. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இரு தாடை வாளி பொருத்திய நீராவித் தூர்வாரிகள் வந்து ஆற்றின் அடியிலிருந்து மண்ணை அள்ளிக் கரையில் கொட்டின. கையால் கரை போட்டவர்களின் நாட்டுத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதற்கு 1882-இல் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். 1913-இல் வந்த இன்னொரு சட்டம், குடியுரிமை பெறும் தகுதியில்லாத ஆசியர்கள் கலிபோர்னியாவில் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது.

இந்தச் சட்டங்களின் சுவடு லாக் என்ற சிற்றூரில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்து ஊரான வால்நட் குரோவின் சீனர் குடியிருப்பு 1915-இல் எரிந்தபோது, அங்கிருந்து வந்தவர்கள் ஜார்ஜ் லாக் என்ற நிலக்காரரின் இடத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். கட்டடம் அவர்களுடையது, மண் அவர்களுடையதாக முடியாது. கரையின் உள்சரிவில் கட்டிய மர வீடுகள் என்பதால் சிலவற்றுக்கு இரண்டு தெரு வாசல்கள். மாடி வாசல், கரைமேல் ஓடும் ஆற்றுச் சாலைக்குத் திறக்கும். கீழ்த்தள வாசல், கரைக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் ஊர்த் தெருவுக்குத் திறக்கும். ஒரு மாடிப்படி இறங்கினாலே ஆற்று மட்டத்திலிருந்து நில மட்டத்துக்கு வந்துவிடலாம். வீட்டின் அடியிலிருந்த மண் 2004-இல்தான் வீட்டுக்காரர்களுக்கு விற்கப்பட்டது.

எருக்குழிக் கணக்கு

1930-களுக்குள் ஏறத்தாழ முழு டெல்டாவும் கரைகளுக்குள் வந்துவிட்டது. இன்று சுமார் 1,770 கிலோமீட்டர் நீளக் கரை, அவற்றுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட தீவுகள். உருளைக்கிழங்கும் தண்ணீர்விட்டான் வகைக் கீரைத் தண்டான ஆஸ்பராகஸும் அமோகமாக விளைந்தன. ஜப்பானிலிருந்து கூலியாக வந்து 'உருளைக்கிழங்கு ராஜா' என்று பெயரெடுத்த ஜார்ஜ் ஷிமா இந்தத் தீவுகளில்தான் பணக்காரரானார்.

விளைச்சலுக்குக் காரணம் பீட். பயிர் வைக்க வேண்டுமானால் பீட்டிலிருந்து நீரை வடிக்க வேண்டும். வடித்த மறுகணமே, 7,000 ஆண்டுகளாக எட்டாமலிருந்த பிராணவாயு மண்ணுக்குள் நுழைந்தது. நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கின. பாதி மக்கிக் கிடந்த தாவரப் பொருள் முழுதாக மக்கி, கரியமில வாயுவாகக் காற்றில் கலந்தது. எருக்குழியில் கழுத்தளவு குவித்த குப்பை சில மாதங்களில் முழங்கால் அளவுக்கு வந்துவிடுகிறதல்லவா? ஒரு டெல்டா முழுவதும் அப்படி இறங்கியது. களையை அழிக்கவும் உருளைக்கிழங்குக்குச் சாம்பல் சத்துச் சேர்க்கவும் விவசாயிகள் பீட்டின் மேல்பரப்பைக் கொளுத்தியதுண்டு. காய்ந்த பீட் தூசியைக் காற்று வாரிக்கொண்டும் போனது. ஆனாலும் இறக்கத்தில் பெரும்பங்கு நுண்ணுயிரிகளுடையது.

இதை முதலில் அளந்து காட்டியவர் வால்ட்டர் வியர் என்ற ஆய்வாளர். 1922-இல் மில்ட்ரெட் தீவு, பேக்கன் தீவு, கீழ் ஜோன்ஸ் டிராக்ட் ஆகியவற்றின் குறுக்கே ஒரு நேர்கோட்டை வகுத்து, அந்தக் கோட்டிலேயே மீண்டும் மீண்டும் நிலமட்டம் அளக்கும் வேலையைத் தொடங்கினார். 1981 வரை அந்த அளவை தொடர்ந்தது. நிலம் ஆண்டுக்கு ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆண்டில் யாருக்கும் தெரியாது. ஓர் ஆயுள் காலத்தில் ஒரு மாடி உயரம். டெல்டாவின் நடுவிலும் மேற்கிலும் உள்ள பல தீவுகள் இன்று கடல்மட்டத்துக்கு 3 முதல் 8 மீட்டர் கீழே கிண்ணங்களாகக் கிடக்கின்றன.

இது தானே ஓடும் சக்கரம். நிலம் இறங்கினால் நிலத்தடி நீர் பயிரின் வேரை நெருங்கும். வேர் அழுகாமலிருக்க வடிகால் வாய்க்காலை இன்னும் ஆழப்படுத்தி, மோட்டார் வைத்து நீரை ஆற்றுக்குள் இறைக்க வேண்டும். ஆழப்படுத்தியதும் அதுவரை நனைந்திருந்த அடுத்த அடுக்கு பீட்டுக்குக் காற்று கிடைக்கும். அதுவும் மக்கும். நிலம் மறுபடி இறங்கும்.

அணையாகிவிட்ட கரை

இதற்குள் கரையின் வேலையே மாறிவிட்டது. சாதாரண ஆற்றங்கரை ஆண்டில் சில நாட்கள்தான் தண்ணீரைத் தாங்குகிறது. மற்ற நாட்களில் அது வெறும் மேடு. இந்தத் தீவுகளின் கரையோ ஆண்டின் 365 நாளும், அலையேற்றத்திலும் இறக்கத்திலும், தண்ணீரைத் தாங்கியே நிற்கிறது. பெயர் கரை, செய்வது அணையின் வேலை. அணைக்குப் பாறை பார்த்து அடித்தளம் போடுவார்கள். இதற்கு அடித்தளம் அதே பீட்.

சுமை எப்படிக் கூடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும். அந்த அழுத்தம் படும் பரப்பும் ஆழத்தோடு கூடும். அதனால் மொத்த விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வெளியே தண்ணீர் 2 மீட்டர் உயரம் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளக் கரையின் மீதும் சுமார் 2 டன் விசை. உள்நிலம் இறங்கி அந்த உயர வேறுபாடு 6 மீட்டராகும்போது, விசை மூன்று மடங்காவதில்லை. ஒன்பது மடங்காகி 18 டன்னைத் தொடுகிறது. வெளியே ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகமாக வந்திருக்காது.

கரையை உயர்த்திக்கொண்டே போகலாமே என்றால், பீட்டின் மேல் போடும் ஒவ்வொரு லாரி மண்ணும் பீட்டை இன்னும் அமுக்குகிறது. ஏற்றிய உயரத்தில் ஒரு பகுதியை அமுங்கலே விழுங்கிவிடும்.

விசையோடு கசிவும் கூடுகிறது. மண்கரை எப்போதும் கொஞ்சம் கசியும், அதில் தவறில்லை. கரைக்கு அடியில் பழைய ஆற்று மணல் ஓடை ஒன்று புதைந்திருந்தால் கதை வேறு. வெளியிலிருந்து தள்ளும் நீர் அந்த மணல் வழியே ஊர்ந்து, உள்பக்கக் கரையடியில் குமிழியிட்டு ஊற்றாகக் கிளம்பும். கரைக்காவல் போகிறவர்கள் அந்த ஊற்றின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தெளிந்த நீர் வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி, வாயைச் சுற்றிச் சிறு மணல் கூம்பு எழும்பினால் கரையின் அடிமண் கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். உள்ளே ஒரு குழாய் உருவாகி, ஊற்றிலிருந்து ஆற்றை நோக்கி நீண்டுகொண்டிருக்கிறது. அந்தக் குழாய் ஆற்றைத் தொட்டால் கரை போயிற்று.

அவசரத்துக்கு ஊற்றை அடைக்கத்தான் யாருக்கும் கை வரும். அது தவறு, இங்கே அடைத்தால் அழுத்தம் வேறிடத்தில் பீறிடும். விவரம் தெரிந்தவர்கள் ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குவார்கள். வட்டத்துக்குள் நீர் உயர உயர, அதன் எடையே எதிர்த்து அழுத்தி, ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். மண் வருவது நின்று தெளிந்த நீர் வரத் தொடங்கினால் அதற்கு மேல் அடுக்க மாட்டார்கள். தரை அணிலும் பீவர் என்ற கொறிக்கும் விலங்கும் கரையில் போடும் வளைகளும் இப்படி நீருக்கு வழி திறக்கும் வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன.

இந்தக் கரைகளில் பெரும்பாலானவற்றை அரசு நேரடியாகப் பராமரிப்பதில்லை. தீவின் நிலக்காரர்கள் தங்களுக்குள் குழு அமைத்து, ஏக்கர் கணக்கில் வரி போட்டு, கரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாநில அரசு செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. நம்முடைய குடிமராமத்துக்கு நெருங்கிய ஏற்பாடு. நிலம் தாழத் தாழச் செலவு ஏறும். விளைச்சலோ வரியோ அந்த வேகத்தில் ஏறாது. 1900-க்குப் பிறகு இந்த டெல்டாவில் 160-க்கும் மேற்பட்ட உடைப்புகள் நடந்திருக்கின்றன. பிராங்க்ஸ் டிராக்ட் 1938-இல் மூழ்கியது, மில்ட்ரெட் தீவு 1983-இல் மூழ்கியது. மீட்கும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டியதால் இரண்டும் இன்றுவரை ஏரிகளாகவே கிடக்கின்றன. வியர் அளந்த கோட்டின் ஒரு துண்டு இப்போது தண்ணீருக்கு அடியில்.

ஒரு தீவு குடித்தால் ஊருக்கே உப்பு

தீவு மூழ்கினால் அந்தத் தீவுக்காரர்களோடு முடிந்துவிடுவதில்லை. டெல்டாவின் தெற்கு ஓரத்தில், ட்ரேசி நகருக்கு அருகே, இரண்டு பெரிய நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன. வடக்கிலிருந்து வரும் நன்னீர் தீவுகளுக்கு இடையிலான வாய்க்கால்கள் வழியாக அங்கே வந்து, பிறகு கால்வாய்களில் ஏறி லாஸ் ஏஞ்சலஸ் வரை போகிறது. சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரின் குடிநீரில் ஒரு பங்கு இந்த வழியாக வருகிறது.

கடலுப்பை வெளியே தள்ளி நிறுத்துவது ஆற்றின் ஓட்டம். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு தீவு திடீரென்று திறந்தால், அந்தப் பள்ளம் நிரம்பும் வரை சுற்றிலுமிருந்து தண்ணீரை இழுக்கும். கோடையில் ஆற்றில் போதிய நீர் இல்லாதபோது இழுபடுவது விரிகுடாவின் உப்புநீர். 1972 ஜூனில் ஆண்ட்ரஸ்-பிரானன் தீவின் கரை உடைந்து ஐல்டன் என்ற சிறு நகரம் மூழ்கியபோது இதுவே நடந்தது. நீரேற்றத்தைக் குறைத்து, மேலே அணைகளிலிருந்து நன்னீரைத் திறந்துவிட்டு உப்பை வெளியே தள்ள வேண்டியிருந்தது. 2015-இலும் 2021-இலும் வறட்சி முற்றியபோது, உப்பு ஏறாமலிருக்க ஃபால்ஸ் ஆற்றின் குறுக்கே பாறைகளைக் கொட்டித் தற்காலிகத் தடுப்பு போட்டார்கள்.

அந்த வட்டாரம் நிலநடுக்கப் பகுதியும்கூட. ஒரே அதிர்ச்சியில் பல தீவுகள் சேர்ந்து திறந்தால் என்ன ஆகும் என்பது பொறியாளர்களின் நெடுநாள் கவலை. வெள்ளத்தாலோ நிலநடுக்கத்தாலோ 2050-க்குள் டெல்டாவில் பேரழிவு நேர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்று 2005-இல் ஜெஃப்ரி மவுண்ட், ராபர்ட் ட்விஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

வங்காளத்தின் எட்டு மாதக் கரை

பீட்டைவிட வண்டலே மிகுந்த டெல்டாவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று நினைக்கலாம். வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையோரம் அதற்குப் பதில் சொல்கிறது.

அங்கே பழைய காலத்தில் ஜமீன்தார்களின் ஏற்பாட்டில் குடியானவர்கள் தாழ்ந்த மண்கரைகளைப் போட்டு வந்தார்கள். ஆற்றில் உப்பேறும் வறண்ட மாதங்களில் கரை நிற்கும். மழைக்காலம் வந்து ஆற்றுநீர் நன்னீரானதும் கரையை வெட்டிவிடுவார்கள். வண்டல் கலந்த வெள்ளம் வயலுக்குள் வந்து படியும். எட்டு மாதம் நிற்பதால் அதற்கு எட்டு மாதக் கரை என்றே பெயர். ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும், உழைப்பு அதிகம். 1950-இல் ஜமீன்தாரி முறை ஒழிந்ததும் அந்த உழைப்பைத் திரட்ட ஆளில்லாமல் போனது. 1960-களில் அரசு, வெளிநாட்டு உதவியோடும் டச்சு முறையிலும் நிரந்தரக் கரைகளை எழுப்பியது. கரையால் சூழ்ந்த இத்தகைய 139 நிலப்பகுதிகள் இன்று அங்கே உள்ளன. போல்டர் என்று அழைக்கிறார்கள்.

முதல் இருபது ஆண்டுகள் நெல் நன்றாக விளைந்தது. உப்பு வரவில்லை, வெள்ளம் வரவில்லை. வண்டலும் வரவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவரும் டெல்டா அது. வயலுக்குள் போக வழியில்லாத வண்டல் ஆற்றின் அடியிலேயே படிந்தது. வெளியே ஆற்றுப் படுகை ஏறியது. உள்ளே நிலம் அமுங்கி இறங்கியது. மழைநீர் வடிய வழியில்லாமல் ஜெசோர், குல்னா மாவட்டங்களின் தாழ்வெளிகள் ஆண்டு முழுதும் தேங்கி நின்றன.

எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்ட அங்கே இயற்கையே ஓர் ஒப்பீட்டுக் களம் வைத்திருந்தது. குல்னா மாவட்டத்தின் 32-ஆம் எண் போல்டருக்கு எதிர்க்கரையில் சுந்தரவனக் காடு. அங்கே கரை கிடையாது; அலையேற்றம் வந்துபோகும், வண்டல் படியும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் அளந்து பார்த்தது. கரை போட்ட ஐம்பது ஆண்டுக்குள், போல்டரின் நிலம் காட்டின் நிலத்தைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஒரே ஆறு, ஒரே மண், ஒரே கடல். வேறுபாடு கரை மட்டுமே.

2009 மே 25 அன்று ஐலா புயல் அந்தப் போல்டரின் கரையைப் பல இடங்களில் உடைத்தது. உடைத்தது புயல், ஆனால் புயல் ஓய்ந்த பிறகும் தண்ணீர் வடியவில்லை. நிலம் அலையேற்ற மட்டத்துக்குக் கீழே இருந்ததால் நாளுக்கு இருமுறை கடல் உள்ளே வந்து போனது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மக்கள் மிஞ்சிய கரையின் முதுகிலேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். உடைப்பு அடைபட்ட பிறகு ஆய்வாளர்கள் வயலில் குழி தோண்டிப் பார்த்தபோது, பல பத்து சென்டிமீட்டர் கனத்தில் புது வண்டல் படிந்திருந்தது. குடும்பங்களை நாசமாக்கிய அதே தண்ணீர், பல பத்தாண்டுகளாகக் கரை மறுத்துவந்த மண்ணை இரண்டே ஆண்டில் கொண்டுவந்து போட்டிருந்தது.

மீண்டும் உயர்த்த முடியுமா?

இதை ஐலாவுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அந்த ஊர் விவசாயிகள். நீர்த்தேக்கம் பொறுக்க முடியாமல் 1990-இல் பீல் டாக்காத்தியா என்ற தாழ்வெளியிலும், 1997 அக்டோபரில் பீல் பைனா என்ற தாழ்வெளியிலும், அதிகாரிகளின் அனுமதிக்குக் காத்திராமல் அவர்களே கரையை வெட்டினார்கள். பீல் பைனாவில் நாலு ஆண்டு அலைநீர் போய்வந்தது. வெட்டிய வாய்க்கு அருகே நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. உள்ளே போய்த் திரும்பும் நீரின் வேகத்தில் ஹரி ஆற்றின் படுகையும் தூர்வாரப்பட்டு ஆழமானது. சட்டவிரோதம் என்று முதலில் சொன்ன அரசே பின்னர் அதை ஒரு திட்டமாக ஏற்று, தாழ்வெளிகளை ஒவ்வொன்றாக, முறைவைத்துத் திறக்கத் தொடங்கியது.

அது எல்லா இடத்திலும் சுமுகமாக நடக்கவில்லை. நிலம் திறந்திருக்கும் மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே பயிர் கிடையாது. நிவாரணம் பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான் போகும். அதையும் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். வாரத்துக்கு உழுபவருக்கு அதுவும் இல்லை. வண்டலும் சீராகப் படியாது. வாய்க்கு அருகிலிருப்பவருக்கு மேடு, தொலைவிலிருப்பவருக்கு அதே பள்ளம். பீல் கபாலியாவில் மக்களின் எதிர்ப்பால் திட்டம் நின்றே போனது. அறிவியல் சரியாக இருந்தும் பங்கீடு சரியாக இல்லாததால் தோற்ற கதை அது.

கலிபோர்னியாவுக்கு இந்த வழி இல்லை. மேலே அணைகள் கட்டியதாலும், தங்கச் சுரங்கங்கள் ஒரு காலத்தில் ஆற்றில் கொட்டிய மண் தீர்ந்துவந்ததாலும், சாக்ரமெண்டோ ஆறு சுமந்துவரும் வண்டல் 1957-க்கும் 2001-க்கும் இடையே பாதியாகக் குறைந்துவிட்டது. திறந்துவிட்டால் தண்ணீர்தான் வரும், மண் வராது. அதனால் அங்கே மண்ணை முதலில் உண்டாக்கிய டூலியிடமே திரும்பினார்கள். 1997-இல் ட்விட்செல் தீவில் சில ஏக்கர் நிலத்தில் சாகுபடியை நிறுத்தி, முழங்காலுக்குக் கீழே நிற்கும்படி ஆழமில்லாத நீரைத் தேக்கினார்கள். கோரை வளர்ந்தது. பிராணவாயு தடைபட்டதால் மக்குவது நின்றது. செத்த தண்டுகள் சேரத் தொடங்கின. நிலம் ஆண்டுக்குச் சராசரியாக 4 சென்டிமீட்டர் உயர்ந்தது.

6 மீட்டர் பள்ளத்தை இந்த வேகத்தில் நிரப்ப 150 ஆண்டுகள் ஆகும், கடல் அதுவரை உயராமலிருந்தால். சதுப்பிலிருந்து மீத்தேனும் கிளம்பும் என்பதால் காலநிலைக் கணக்கில் லாபம் உடனே தெரியாது. ஆயினும் ஒரு பலன் முதல் ஆண்டிலேயே கிடைக்கிறது: இறக்கம் நிற்கிறது. கரையை ஒட்டிய ஒரு பட்டையில் மட்டும் இப்படிக் கோரையோ நெல்லோ வைத்து நீரைத் தேக்கினாலே, கரையின் இரு பக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாடு மேலும் கூடாது. வர்க்கக் கணக்கில் ஏறும் விசைக்கு ஒரு சில அடியும் பெரிய ஆறுதல்.

டெல்டாவில் குடியிருப்போர் கரையில்லாமல் வாழ முடியாது. லாக் ஊர்க்காரருக்கும் 32-ஆம் எண் போல்டர்க்காரருக்கும் வேறு போக்கிடமில்லை. கரை வேண்டும் என்பதில் சண்டையில்லை. ஆனால் கரைக்கான வரவுசெலவைப் போடும் இடத்திலெல்லாம் எத்தனை கிலோமீட்டர் பலப்படுத்தினோம், எத்தனை அடி உயர்த்தினோம் என்ற எண்களே முன்னால் நிற்கின்றன. உள்ளே நிலம் எவ்வளவு இறங்கியது என்ற எண்ணை யாரும் கேட்பதில்லை. வியர் 1922-இல் ஒரு நேர்கோட்டையும் மட்டக் கருவியையும் வைத்துச் செய்த வேலை அது. இன்று செயற்கைக்கோள் படத்திலிருந்தே பார்த்துவிடலாம். அந்த இரண்டாவது எண்ணையும் ஆண்டுதோறும் பக்கத்திலேயே எழுதினால், எந்தக் கரை நிலத்தைக் காக்கிறது, எந்தக் கரை நிலத்தைத் தின்றுகொண்டே தன் உயரத்தை மட்டும் காக்கிறது என்பது தெரிந்துவிடும். எந்த வயலை எப்போது நனைப்பது, அதற்கான இழப்பை யார் ஏற்பது என்ற பேச்சை அப்போது உடைப்புக்கு முன்பே தொடங்கலாம். உடைந்த பிறகு அந்தப் பேச்சை நடத்துவது தண்ணீர்தான்.